சமோசா நமக்குத்தான் நோன்பு திறக்கிறது

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு உன் உம்மா எழுந்த சத்தத்தில் நானும் எழுந்துவிட்டேன். எழுந்து என்ன செய்ய? எனக்குத்தான் இந்த வருடம் நோன்பு இல்லையே. அவள் சோறு தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "சும்மா மூஞ்சியப் பாக்காம போய்ப் படுங்க" என்றாள். படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. சுபுஹு தொழுதுவிட்டு வந்து, கடையிலிருந்து கொண்டுவந்த பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இவ்வளவு தட்ட என் கட்டைவிரலுக்குத் தெம்பு கிடையாது. உன் மூத்தவள் லாத்தாவிடம் இதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நீ வெள்ளிக்கிழமை அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். உனக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது, சர்க்கரை நோயின் எல்லையில் நிற்கிறாய் என்று முதல் தடவை கேட்டபோது மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. இரண்டாவது தடவைதான் மீதியைக் கேட்டேன். பெருநாள் கழிந்ததும் 72 மணி நேரம் வெறும் தண்ணீரில் இருக்கப் போகிறாய், அதில் குடல் 'ரீசெட்' ஆகிவிடும், கெட்ட பாக்டீரியா எல்லாம் பட்டினியில் செத்து நல்லது மட்டும் மிஞ்சும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை எதற்குக் கேட்டேன் என்றால், கடைசியில் நீ "வாப்பா, நீங்க நோன்பு நல்லா இருக்கீங்கல்ல?" என்று கேட்டதற்காக. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

ஒன்று கவனித்தாயா? நீ பிறந்தது 1993, பிப்ரவரி கடைசியில் தொடங்கிய நோன்பில். நம் மாதங்கள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும் அல்லவா, 33 வருடத்தில் ரமளான் ஒரு முழுச் சுற்று சுற்றி நீ பிறந்த அதே இடத்துக்கு வந்துவிட்டது. இப்போது உனக்கு மான்செஸ்டரிலும் எங்களுக்கு இங்கே காயல்பட்டினத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு, பதின்மூன்று மணி நேரம் சொச்சம். நீ அங்கே போய்ப் பார்த்த முதல் நோன்பு 2016 ஜூன். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மஃரிப், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி. "வாப்பா, சூரியன் இறங்கவே மாட்டேங்குது" என்று போன் பண்ணினாய். அப்போது நான் சிரித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தோரு வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், டாக்டர் என்ற முறையில் இல்லை. கடையை மூடிய பிறகு படிக்க நேரம் நிறைய. இந்தக் குடல் பாக்டீரியா சமாச்சாரத்தை ஒரு வருடமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஏன் என்பதும் பின்னால் வரும்.

சஹர் முடிந்து நான்கைந்து மணி நேரத்தில் வயிறும் சிறுகுடலும் காலியாகிவிடும். பதினொரு மணி வாக்கில் 'கடமுட' என்று ஒரு சத்தம் வருமே, அதைப் பசி என்கிறோம். உண்மையில் அது பெருக்குகிற சத்தம். வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேலிருந்து கீழே ஓர் அலை இறங்கும். மிச்சம் மீதியையும், சிறுகுடலில் தங்கப் பார்க்கும் பாக்டீரியாவையும் பெருங்குடலுக்குத் தள்ளிவிடும். ஒரு பிஸ்கட் வாயில் போட்டால் போதும், அந்த அலை நின்றுவிடும். நாள் முழுக்க எதையாவது கொறிக்கிற ஆளின் குடலுக்குப் பெருக்க நேரமே கிடைப்பதில்லை. நோன்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உன் உம்மா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வீடு கூட்டுவாளே, அந்த மாதிரி.

இன்னொரு பக்கம் கல்லீரலில் ஏறக்குறைய நூறு கிராம் சர்க்கரை கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருக்கும். பகல் முழுக்க அதை எடுத்துச் செலவு செய்கிறோம். அது குறையக் குறைய உடல் கொழுப்பின் பக்கம் கை நீட்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அது நன்றாகத் தெரியும். இன்சுலின் தாழ்ந்து கிடக்கும். உன்னைப் போல எல்லையில் நிற்பவனுக்கு அந்த ஓய்வு நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை.

இப்போது அந்தப் பாக்டீரியாக்கள். நம் உடம்பில் இருப்பவை 38 லட்சம் கோடி என்று 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நம்முடைய சொந்த செல்கள் 30 லட்சம் கோடி. ஒன்றுக்குப் பத்து என்று அதற்கு முன்னால் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு. எல்லாவற்றையும் கூட்டி எடை போட்டால் கால் கிலோகூடத் தேறாது. பெரும்பாலும் பெருங்குடலில்தான் குடியிருப்பு. அங்கே அதுகளுக்கு என்ன சாப்பாடு? நாம் செரிக்க முடியாமல் விட்டது. பருப்புத் தோல், கீரை நார், வெந்தயத்தின் வழவழப்பு, ஆறிப்போன சோற்றில் இறுகிக் கிடக்கும் மாவுச்சத்து. இதைத் தின்று அதுகள் பியூட்டிரேட் போன்ற சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களை வெளியே விடும். பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்குப் பெரும்பங்கு எரிபொருள் அந்தப் பியூட்டிரேட்தான். அதே அமிலங்கள் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனையும் சுரக்கத் தூண்டும். இன்று உலகமே ஊசி போட்டுக்கொண்டு இளைக்கிறதே, அந்த ஊசி நடிப்பது இந்த ஹார்மோனாகத்தான்.

நீ பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் அதுகளும் பட்டினி. ஆனால் ஒன்றுக்கு மட்டும் பட்டினி இல்லை. அதன் பெயர் அக்கர்மன்சியா. 2004இல் நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள், அக்கர்மன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானியின் பெயரை வைத்தார்கள். குடலின் உள்சுவரில் வழவழவென்று ஒரு சளிப்படலம் இருக்கும். அதுதான் இதற்குச் சோறு. மேலே பந்தி நின்றுபோனாலும் இதற்குச் சுவரிலேயே சாப்பாடு. அளவோடு தின்றால் சுவர் புதுச் சளியைச் சுரந்து படலத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் என்கிறார்கள். பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் இந்தப் பாக்டீரியா குறைவாக இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

துருக்கியில் ரமளானுக்கு முன்னும் பின்னும் மலத்தை எடுத்துச் சோதித்தார்கள். 29 நாள், தினம் 17 மணி நேர நோன்பு. முடிவில் அக்கர்மன்சியா கூடியிருந்தது. இதைத்தான் உனக்கு யாரோ "சயின்ஸ் நிரூபித்துவிட்டது" என்று அனுப்பியிருப்பார்கள். எத்தனை பேரை வைத்துப் பார்த்தார்கள் தெரியுமா? ஒன்பது பேர். நம் பள்ளிவாசலில் தொழுகைக்கு ஒரு ஸஃப், ஒரு வரிசை, நிரம்ப அது பற்றாது. பொய் என்று சொல்லவில்லை, அந்த ஆராய்ச்சியாளர்களே இது முதற்கட்டப் பார்வை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதை நடுவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் ஒன்பதை உலகம் ஆக்குகிறார்கள்.

இந்த இடத்தில்தான் நான் உனக்குச் சொல்ல நினைத்தது இருக்கிறது. கவனமாகப் படி.

மஃரிப் பாங்கு சொல்கிறது. பேரீச்சம்பழம், தண்ணீர். அதற்கப்புறம் நம் வீட்டு ஸஹன் தட்டில் என்ன இருக்கும்? சமோசா, கட்லட், வாடா, ரோஸ் மில்க், கடல்பாசி. மைதா, எண்ணெய், சர்க்கரை. இதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே கரைந்து ரத்தத்தில் ஏறிவிடும். பெருங்குடல் வரை போய்ச் சேர ஒன்றும் மிஞ்சாது. உனக்கு நோன்பு திறந்துவிட்டது. கீழே காத்திருக்கிற அந்த 38 லட்சம் கோடிக்குத் திறக்கவில்லை. நீ ஏப்பம் விட்டுக்கொண்டு ராத்திரி தராவீஹ் தொழுகைக்குப் போகிறாய், அதுகள் இன்னும் பட்டினியில் நிற்கின்றன. சஹருக்கும் பிரெட், பரோட்டா, சர்க்கரை டீ என்றால் மறுநாளும் பட்டினி. இப்படி முப்பது நாள்.

நார் கிடைக்காத பாக்டீரியாக்கள் சும்மா இருக்காது. 2016இல் மிச்சிகனிலும் லக்ஸம்பர்க்கிலும் இருந்தவர்கள் சேர்ந்து எலிகளில் இதைப் பார்த்தார்கள். நாரே இல்லாத தீவனம் கொடுத்தபோது பாக்டீரியாக்கள் குடல் சுவரின் சளிப்படலத்தையே தின்று மெலியவைத்துவிட்டன. சுவர் மெலிந்ததும் நோய்க்கிருமி உள்ளே நுழைவது எளிதாகிவிட்டது. அக்கர்மன்சியாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. நல்லது கெட்டது என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அதே ஆள்தான். பகல் பட்டினியில் கொஞ்சம் சளி தின்றால் காவல்காரன், ராத்திரியும் சோறு போடாமல் விட்டால் சுவரைச் சுரண்டுகிறவன். எலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கு நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படித்த அன்றிலிருந்து சமோசாவைப் பார்த்தால் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது.

ஆகவே 'கெட்டது செத்து நல்லது மிஞ்சும்' என்பதெல்லாம் கதை. பட்டினி யாரையும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. பெர்லினில் ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை எல்லாம் சேர்ந்து இருந்த 71 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2021இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு ஐந்து நாள் காய்கறிச் சாறு மாதிரி கொஞ்சம் ஆகாரத்தோடு உபவாசம், அப்புறம் மூன்று மாதம் காய்கறி, பழம், பருப்பு, முழுத் தானியம், உப்புக் குறைவு. மறு பாதிக்கு உபவாசம் இல்லாமல் அதே சாப்பாடு மட்டும். உபவாசம் இருந்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் எடையும் நன்றாக இறங்கின, மாத்திரையும் குறைந்தது. குடலில் என்ன நடந்தது என்று பார்த்தால், அந்த ஐந்து நாளில் பியூட்டிரேட் செய்கிற நல்ல பாக்டீரியாக்கள்தான் குறைந்து போயிருக்கின்றன! காய்கறியும் பருப்பும் வந்த பிறகு திரும்ப வந்திருக்கின்றன. பட்டினி கதவைத் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள். உள்ளே யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை முடிவு செய்தது அதற்குப் பின்னால் வந்த சாப்பாடு. நீ 72 மணி நேரம் இருந்துவிட்டு நான்காம் நாள் பிரியாணியும் பெப்சியுமாக உட்கார்ந்தால், போன கூட்டமே திரும்பி வந்து உட்காரும்.

நம் நோன்புக் கஞ்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். என் உம்மா காலத்தில் வீட்டில் கஞ்சிக்கு வெந்தயத்தை முதல் நாள் ராத்திரியே ஊறப்போடுவார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், இருந்தால் கொஞ்சம் கறி. வெந்தயத்தின் அந்த வழவழப்பு கரையும் நார், பெருங்குடல் வரை போய்ச் சேரும். பாசிப்பருப்பும் அப்படியே. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றும்போது நீ தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய், வீடு வந்து சேரும்போது பாதி உன் சட்டையில் இருக்கும். அந்தக் கஞ்சி நமக்கும் திறந்தது, அதுகளுக்கும் திறந்தது.

கஞ்சியைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் மாட்டேன். குழையக் குழைய வெந்த பச்சரிசி சர்க்கரைக்காரனை என்ன செய்யும் என்று குளுக்கோமீட்டரில் பார்த்திருக்கிறேன். இரண்டு கோப்பை குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்த எண்ணை உன் உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதனால் இப்போது நம் வீட்டுக் கஞ்சியில் அரிசி பாதி, பாசிப்பருப்பு இரட்டிப்பு, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. சமோசா இருந்த இடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல். ருசி? பழகிவிட்டது என்று உன் உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

உங்கள் ஊரில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு முப்பது கிராம் நார் சாப்பிட வேண்டும் என்று அரசாங்கமே சொல்கிறது, சாப்பிடுவது சராசரி இருபதுக்குப் பக்கத்தில்தான் என்றும் அவர்களே சொல்கிறார்கள். பெரிய பேரீச்சம்பழம் ஒன்றில் ஒன்றரை கிராம் இருக்கும். மூன்று தின்றாலும் ஐந்துக்கு உள்ளேதான். மிச்சம் எங்கிருந்து வரும் என்று நீயே கணக்குப் போடு.

அடுத்தது நேரம். இதில் நம் நோன்புக்கும், பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு என்று நீ சொல்கிற '16:8'க்கும் உள்ள வித்தியாசம் பெரியது, யாரும் கவனிப்பதில்லை. குடல் பாக்டீரியாவுக்கும் பகல் இரவு உண்டு. ஒடிசாவில் படித்துவிட்டு அமெரிக்கா போன சச்சின் பாண்டாவும் அவரோடு இருந்தவர்களும் 2014இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். எலி நேரத்துக்குச் சாப்பிட்டால் குடலில் ஒரு கூட்டம் ஏறி ஒரு கூட்டம் இறங்கும் தாளம் இருந்தது, இருபத்துநான்கு மணி நேரமும் கொழுப்புத் தீனி கொறித்தால் அந்தத் தாளம் மங்கிப்போனது. மனிதரில் 2018இல் அமெரிக்காவில் உன்னைப் போலவே எல்லையில் நின்ற எட்டு ஆண்களைக் காலையில் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள், மாலை மூன்றுக்கு முன் சாப்பாட்டை முடிக்க வைத்தார்கள். ஐந்து வாரம். எடை குறையவில்லை, ஆனாலும் இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது, ரத்த அழுத்தம் இறங்கியது. அதுவும் எட்டே பேர்தான், ஒன்பது பேரைக் கிண்டல் செய்துவிட்டு எட்டுப் பேரைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நீ சொல்வாய். சொல். ஆனால் ராத்திரியில் தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் ஏறும்போது இன்சுலின் சோம்பும் என்பது வேறு வழிகளிலும் தெரிந்த விஷயம்.

நாமோ ராத்திரியில் சாப்பிடுகிறோம். அது மார்க்கம், அதில் எனக்குக் கேள்வியில்லை. ஆனால் மஃரிபுக்கு ஒரு தடவை, தராவீஹ் முடிந்து ஒரு தடவை, ராத்திரி ஒரு மணிக்கு நண்பர்களோடு பரோட்டா சால்னா ஒரு தடவை, சஹருக்கு ஒரு தடவை என்று மார்க்கம் சொல்லவில்லை. மஃரிபை ஒட்டி வயிறார ஒரு சாப்பாடு, சஹருக்கு அளவாக ஒன்று, நடுவில் தண்ணீர். ரமளானுக்கு வெளியே நீ சாப்பாட்டு நேரத்தைச் சுருக்க விரும்பினால் காலைச் சாப்பாட்டை விடாதே, ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் இழு. ஆபீஸ் முடிந்து வந்து ஒன்பது மணிக்கு ஒரே அடியாகச் சாப்பிட்டுவிட்டு 'ஃபாஸ்டிங்' என்று பெயர் வைக்காதே.

பதினாறு மணி நேரத்தில் எதுவோ மந்திரம் நடக்கும், அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்றும் சொன்னாய். 2016இல் ஓசுமிக்குக் கொடுத்தது உண்மை. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை. செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று புதுப்பிக்கும் வேலைக்குப் பின்னால் இருக்கும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார். மனிதனுக்குப் பதினாறு மணி என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. சீனாவில் குவாங்சூவில் 139 பருமனானவர்களை ஒரு வருடம் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு கலோரி, ஒரு கூட்டம் மட்டும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டது. ஒரு பக்கம் எட்டுக் கிலோ, மறு பக்கம் ஆறு சொச்சம் குறைந்தது. கணக்குப்படி அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் முடிவு. அவ்வளவுதான் அதில்.

மாத்திரையாகவே அக்கர்மன்சியா வருகிறது, வாங்கட்டுமா என்றும் கேட்டாய். பெல்ஜியத்தில் 2019இல் 32 பேர் மூன்று மாதம் சாப்பிட்டு முடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் உயிரோடு கொடுத்ததைவிட, பாலைப் போலப் பாஸ்டுரைஸ் செய்து கொன்று கொடுத்ததுதான் இன்சுலினுக்கு நல்ல பலன் தந்தது. எனக்கு அதைப் படித்து ஆச்சரியம் அடங்கவில்லை. ஆனாலும் கடைக்காரனாகச் சொல்கிறேன், அந்தப் பணத்துக்குக் கொண்டைக்கடலை வாங்கு.

கடைக்காரன் என்றதும் ஒன்று உறுத்துகிறது. சளி, காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் சீட்டு இல்லாமலே எத்தனை ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுத்திருப்பேன்! ஐந்து நாள் மாத்திரையில் கலைந்த குடல் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. கேட்டார்கள், கொடுத்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

போன வருடம் நோன்பு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் முன்னாலேயே சொன்னார். அப்படி இருப்பதானால் சர்க்கரையை இறக்கும் கிளிமெப்பிரைடு மாத்திரையின் அளவைக் குறைத்து மஃரிபுக்கு மாற்ற வேண்டும், அதற்கு நோன்புக்கு முன் வந்து பார்க்க வேண்டும் என்றார். நான் போகவில்லை. முப்பத்தோரு வருடம் மருந்து விற்றவனுக்கு இன்னொருத்தர் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர். பழக்கப்படி சஹரிலேயே முழு மாத்திரையைப் போட்டேன். பதினெட்டு நோன்பு ஓடிவிட்டது. பத்தொன்பதாவது நோன்பு, அஸருக்கு ஒளுச் செய்யப் போனவன் குழாயடியில் சரிந்துவிட்டேன். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, எதிரே நிற்பது யார் என்றே தெரியவில்லை. குத்திப் பார்த்தால் 48. உன் உம்மா சீனியைக் கரைத்து வாயில் ஊற்ற வந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேனாம், "இன்னும் ரெண்டு மணி நேரம்தான், இன்னும் ரெண்டு மணி நேரம்தான்" என்று மட்டும் சொன்னேனாம். எனக்கு அது நினைவில் இல்லை. லாத்தா வந்து தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றியிருக்கிறாள். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினேன்.

2001இல் 13 முஸ்லிம் நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளைக் கேட்டுக் கணக்கெடுத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற இரண்டாம் வகைக்காரர்களுக்கு ரமளானில் சர்க்கரை ஆபத்தாக இறங்கியது மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு. சர்க்கரை 70க்குக் கீழே போனால் நேரம் பார்க்காமல் நோன்பை முறி என்பதுதான் டாக்டர்களும் ஆலிம்களும் சேர்ந்து சொல்வது. இதையெல்லாம் கடையில் நின்று மற்றவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். நோயாளிக்கு விலக்கு இருக்கிறது, குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. அதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. இந்த வருடம் ஃபித்யா கொடுத்துவிட்டேன், நாள் ஒன்றுக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு. முதல் நாள் மதியம் எல்லோரும் நோன்பாக இருக்கும் வீட்டில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு திருடன் மாதிரி இரண்டு இட்லி தின்றேன். தொண்டையில் இறங்கவில்லை.

அந்த மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் மட்டும் தொடர்கிறது. பதினான்கு வருடமாக விழுங்குகிறேன். அது வேலை செய்வதில் ஒரு பங்கு குடல் பாக்டீரியாவை மாற்றுவதால்தான் என்று இப்போது சொல்கிறார்கள், அதைச் சாப்பிடுகிறவர்களிடம் அந்த அக்கர்மன்சியா கூடுதலாகவும் இருக்கிறதாம். முதல் மாதம் வயிற்றைக் கலக்குகிறது என்று வந்தவர்களிடம் "போகப் போகச் சரியாகிடும்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது.

அதனால் மகனே, உன் 72 மணி நேரத்தைப் பற்றி ஒன்றுதான் கேட்கிறேன். தனியாக அறையில் இருந்துகொண்டு அதைச் செய்யாதே. ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், பக்கத்தில் தாடையைப் பிடித்துத் திறக்க ஆள் இல்லை. உன் டாக்டரிடம் 6.1ஐக் காட்டி என்ன செய்யலாம் என்று கேள். எனக்குச் செய்தது போல முன்னாலேயே சொல்கிறவராக இருந்தால், நீயாவது போய்ப் பார். பெருநாளுக்குப் பிறகு ஷவ்வால் ஆறு நோன்பு இருக்கிறது. மூன்று நாளை ஒரே மூச்சில் இழுப்பதற்குப் பதில் அதைப் பிடி. சஹருக்கு ஓட்ஸோ பருப்போ, மஃரிபுக்கு வெந்தயக் கஞ்சி. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பார்த்துவிட்டு எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு, கூடவே வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

வெந்தயமும் பாசிப்பருப்பும் ஒரு கிலோ ஒரு கிலோ பொட்டலம் போட்டு வைத்திருக்கிறாள் உன் உம்மா, பக்கத்துத் தெருப் பையன் அடுத்த வாரம் லண்டன் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறோம். அளவு: அரை டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டு தேக்கரண்டி வெந்தயம், பூண்டு பத்துப் பல். வெந்தயத்தை ராத்திரியே ஊறப்போட மறக்காதே, மறந்தால் கசக்கும்.

இதை எழுதி முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. நோன்பு இல்லாதவனுக்குப் பள்ளியில் என்ன வேலை என்று நினைத்தேன், ஆனால் கஞ்சி ஊற்ற ஆள் போதவில்லை என்று பாங்கு சொல்லும் மோதினார் மூன்று நாள் முன்பே வந்து கூப்பிட்டுவிட்டார். அஸருக்குப் பிறகு அண்டாவுக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்கப் போகிறேன். பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு வருவார்கள். மூன்று நாளாகப் போகிறேன். ஒரு பொடியன் தினமும் உன்னைப் போலவே பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு போகிறான்.

வஸ்ஸலாம்.
உன் வாப்பா